ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு கடல்காரர்

கனி பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பூம்பாறையில் பூண்டுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, உலகத்திலேயே சிறந்த பூண்டுக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் ரியாஸ் போன் செய்தான். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றான். காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். கொடைக்கானல் பஸ்ஸை நான் பேசியே இருபது நிமிடம் நிறுத்தி வைத்ததாக ஊரில் ஒரு புகழ் உண்டு. அன்றைக்கு அந்தப் பையனிடம் 'வர்றேன்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கொடைக்கானல் கடைவீதியில் அவரிடம் நெத்திலியும் வாளைக் கருவாடும் வாங்கியவர்களுக்கும், கீழே கடற்கரையில் அவர் குரலைக் கேட்ட பிறகு படகைத் தள்ளியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முதல் கூட்டத்துக்கு அவருடைய கடலைத் தெரியாது. இரண்டாவது கூட்டத்துக்கு அவருடைய குளிரைத் தெரியாது. இரண்டையும் அறிந்த மாமனிதன் நான் ஒருவனே என்பதால், கடமை என் தலையில் விழுகிறது.

பாய்க்குச் சொந்த ஊர் கடற்கரை. இருபது வயதில் இரண்டு கூடைக் கருவாட்டோடு மலையேறியவர், இந்தக் குளிரை நாற்பத்து நான்கு வருடம் திட்டிக்கொண்டே இங்கேயே இருந்துவிட்டார். ஊரில் பதினோரு ஃபைபர் படகுக்காரர்கள் அவருக்குச் சரக்கு அனுப்புவார்கள். படகுக்கு இரண்டு பேர், மூன்று பேர். விடியுமுன் மணலில் இருந்து தள்ளிக்கொண்டு போய், மதியத்துக்குள் திரும்புகிற சின்னப் படகுகள். தினமும் சாயங்காலம் கடல் நிலவர அறிக்கை போனுக்கு வரும். முதல் வரி காற்று. இரண்டாவது மழை. மூன்றாவது, தொலைவில் கிளம்பி வருகிற அலையின் உயரமும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பதும். எச்சரிக்கை ஏதும் இருந்தால் அதற்கும் கீழே. பாய் அதை மூன்று முறை படிப்பார். பிறகு மேல்காற்றைக் கச்சான், கீழ்காற்றைக் கொண்டல் என்று அவர்கள் பேசுகிற பேச்சில் மாற்றிக் குரல் பதிவாகப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார்.

வங்காள விரிகுடா தும்முவதென்றால் முதலில் எங்கள் பாயிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று, பூண்டு விற்க வந்து அவர் கடையிலேயே பொழுதைக் கழிக்கிற நான், அங்கே வருகிறவர்களிடம் சொல்லுவேன். அவருக்குப் பிடிக்காது. "மச்சான், கடலப் பத்திக் கத கட்டாத. அது கேட்டுக்கிட்டே இருக்கும்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

அவர் எந்த நாளும் "போங்க" என்று சொன்னதில்லை. நிலவரம் மோசமாக இருந்தால், "நானா இருந்தா போகமாட்டேன்" என்பார். நன்றாக இருந்தால், "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல, கரையில நின்னு பாத்துட்டு நீங்க முடிவு பண்ணுங்க" என்பார். ஏன் பாய், ஒரு 'போங்க' சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் யாரும் கேட்காத நெத்திலியை எடுத்துத் தராசில் போட்டு நிறுத்தார். பிறகு நான் கேட்கவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப் பதினொன்றை மாட்டியிருந்தார். படகு போனதும் அதன் கிளிப் இடது பக்கம் நகரும். கரையேறிவிட்டோம் என்று செய்தி வந்தால் வலது பக்கம். எல்லாம் வலது பக்கம் வரும்வரை மனிதர் சாப்பிடமாட்டார். சோறு ஆறுகிறது என்று வீட்டில் இருந்து நான்கு முறை ஆள் வரும். இந்தக் குளிரில் சோறு ஆறுவதற்கு நான்கு நிமிடம் போதும் என்பதை நினைவில் வையுங்கள்.

என் மகள் செல்வி அந்தப் பதினோரு படகில் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை அந்தோணி, இங்கே வட்டக்கானல் விடுதியில் இரண்டு சீசன் வேலை பார்த்த பையன். கல்யாணம் முடிந்ததும் அப்பாவின் படகுக்கே திரும்பிவிட்டான். என் பரம்பரையில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தவர் யாருமில்லை. என் மகளைக் கடலுக்குக் கொடுப்பதா என்று ஆறு மாதம் மௌனவிரதம் இருந்தேன். பாய்தான் பேசி முடித்தார். அவன் நல்ல பையன், பயப்படத் தெரிந்த பையன் என்றார். மாப்பிள்ளைக்கு இப்படியும் ஒரு நற்சான்றிதழா என்று நான் சிரித்தேன்.

புதுமணத் தம்பதி மறுவீட்டுக்கு வந்தபோது எல்லோரும் ஏரிக்குப் போனோம். பெடல் படகில் ஏறச் சொன்னால் பாய் ஏறவில்லை. மேலே பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், டிக்கெட் கிழிப்பவரிடம் மிதவை அங்கிகளை ஒவ்வொன்றாக வாங்கி வாரைச் சோதித்தார். பின்னால் நின்ற சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் குனிந்து, மகாப் பிரளயம் வருகிறதா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கி எதிர்க்கரை காணாமல் போனது. ஏரி நடுவில் யார் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தோணி பாயைப் பார்த்தான், பாய் அந்தோணியைப் பார்த்தார். என்னை யாரும் பார்க்கவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது, சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடக்கூடியது.

போன வருடம் பாய்க்குக் கண்ணில் புரை. அறுவைக்காகத் திண்டுக்கல் போனார். ஒரு நாள் அறிக்கையைப் படித்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார். மூன்று முறை படி, மூன்று வரியும் படி, உள்ளதை மட்டும் சொல் என்றார். நான் பூண்டுக்காரன். எனக்கு வானிலை என்றால் காற்று, மழை, பனி. காற்று குறைவு என்றிருந்தது. மழை இல்லை என்றிருந்தது. எங்கள் மலையில் பள்ளங்கிப் பக்கம் வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று போனைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமி, என் வாழ்நாளின் மிகச் சிறந்த சொற்பொழிவை ஆற்றினேன். கடலம்மா நாளைக்கு எண்ணெய் தடவிய தோசைக்கல் போலக் கிடப்பாள், வீரர்களே, போய் வாருங்கள், வென்று வாருங்கள் என்றேன். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான்கு படகு போயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு கண்ணில் கட்டோடு மலையேறிக்கொண்டிருந்த பாய், பஸ்ஸில் உட்கார்ந்து என் சொற்பொழிவைக் கேட்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். நான் அவருடைய கடையில்தான் இருந்தேன்.

"மச்சான், மூணாவது வரியப் படி."

படித்தேன். அலைக்கும் அலைக்கும் நடுவே பதினெட்டு விநாடி. அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கை வரியும் இருந்தது. அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

பாய் மெதுவாகச் சொன்னார். அது கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வெயில் அடிக்கும். எங்கோ தென்கோடியில் அடித்த புயலின் அலை ஆழத்தில் தெரியாமல் வந்து, கரை மேடு தட்டியதும் எழுந்து நிற்கும். நடுக்கடலில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கரைக்கு வருகிறபோதுதான் படகைத் தூக்கிக் குப்புற அடிக்கும்.

மூன்று படகு அதற்குள் திரும்பியிருந்தது. வராதது அந்தோணியின் படகு.

செல்வி கூப்பிட்டாள். வெயில் கண்ணைக் கூசுகிறது, ஆனால் தண்ணீர் வலைக்கூடம் வரைக்கும் ஏறிவிட்டது, மணலில் நின்ற படகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றாள். அதே நேரத்தில் பாய் அந்தோணியைப் போனில் பிடித்துவிட்டார். அவன் கரை தெரிகிற தூரத்துக்கு வந்திருந்தான். கரைக்கு வராதே, பத்துப் பாகம் ஆழத்துக்கு வெளியே போய் நங்கூரம் போட்டுக் கிட என்று சொல்லியிருக்கிறார். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அந்தச் செய்தி செல்விக்குப் போய், அடுத்த நிமிடம் எனக்கு வந்தது.

"அப்பா, பாய் மாமா அவர வராதங்கிறாரு. படகுல குடிக்கத் தண்ணிகூட இல்லப்பா. வீடு தெரியுற தூரத்துல நிக்கிறாரு. நீங்க வரச் சொல்லுங்க. நீங்க சொன்னா வருவாரு."

நான் சொன்னால் வருவான். நான் சொன்னதால்தானே போனான். என் விரல் அவன் நம்பர் மேல் நின்றது. பெற்ற மகள் அழுகிறாள். கரை கண் முன்னால் இருக்கிறது. ஓடி வந்துவிடு என்று சொல்வதைத் தவிர ஓர் அப்பனுக்கு வேறென்ன தோன்றும்? பாயைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மச்சான், நீ இப்ப யாருக்கும் போன் பண்ணாத. ஒரு நாளைக்குச் சும்மா இரு."

சும்மா இருந்தேன். இமயமலையைத் தூக்கி வைகையில் போடுவது இதைவிட எளிது. பாய் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. ஒற்றைக் கண்ணோடு கல்லாவில் உட்கார்ந்து, கயிற்றில் இடது பக்கம் தனியாக நின்ற கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. செல்வியைக் கூப்பிட்டு ஒரு சோலி கொடுத்தார். தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் ஒரு குச்சி நடு, அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து அடுத்த குச்சி நடு என்றார். அவள் அழுதுகொண்டே நட்டாள். முதல் இரண்டு குச்சியையும் கடல் கொண்டுபோனது. மூன்றாவது சாய்ந்தது. அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று மணிக்கு ஒருமுறை மட்டும் பேசினார். வெயில் எரிக்கிறதா, தலை சுற்றுகிறதா, மேலே ஈரத்துணி போட்டுக்கொள் என்று. நான் கடை வாசலில் நின்று, அழகான நீல வானத்தை அன்றைக்கு முதல் முறையாக வெறுத்தேன்.

நான்கு மணிக்கு மேல் வற்றம் தொடங்கி, கடல் பின்வாங்க ஆரம்பித்தது. செல்வியின் குச்சிகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மூன்று காய்ந்து நின்றன. அப்போதும் பாய் அவசரப்படவில்லை. பெரிய அலை கூட்டமாக வரும், ஏழெட்டு வந்து ஓய்ந்ததும் ஓர் இடைவெளி இருக்கும், கரையில் நிற்பவர்கள் துண்டை வீசினால் மட்டும் படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பு என்று அந்தோணிக்குச் சொன்னார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தொடையில் துடைத்தார். அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது.

செல்வி லைனில் இருந்தாள். சத்தம், கூச்சல், பிறகு வெறும் மூச்சு. அப்புறம், "ஏறிட்டாங்கப்பா."

பாய் எழுந்து கிளிப்பை வலது பக்கம் நகர்த்தினார். ரியாஸிடம் சோறு கேட்டார்.

இரண்டு நாள் நான் கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குழுவில் இருந்து என்னை விலக்கிவிடுங்கள் என்றேன்.

"நீ பொய் சொல்லல மச்சான். தெரியாததச் சொன்ன. அது பொய்யவிட மோசம். நாளையிலேருந்து வெரசா வந்து என் பக்கத்துல ஒக்காரு. மூணு தடவ படிக்கணும், எனக்கு ஒத்தக் கண்ணு."

கட்டு அவிழ்த்து, கண் தெளிந்து, அவர் பட்டணத்துச் சிமெண்ட் மூட்டையில் உள்ள பொடி எழுத்தைத் தெருவின் மறுபக்கமிருந்து படிக்கிற நிலைக்கு வந்த பிறகும் அந்த ஒற்றைக் கண் கணக்கை மாற்றவில்லை. ஒரு வருடம் சாயங்காலம்தோறும் நான் படித்தேன், அவர் கேட்டார், அவர் பேசினார். ஒருநாளும் பேச என்னிடம் கொடுக்கவில்லை. அதற்காக நான் உள்ளுக்குள் நன்றி சொன்னேன்.

அவர் போன அன்றைக்குச் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். கையில் ஒட்டிய மண்ணோடு பள்ளிவாசல் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்வி. பாய்க்காகக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். பதினோரு வீட்டிலும் கேட்கிறார்கள், நாளைக்கு என்ன என்று. அறிக்கை வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. நான் சுவரோரம் நின்று மூன்று முறை படித்தேன். காற்று சுமார். மழை இல்லை. மூன்றாவது வரியில் பதினான்கு விநாடி. எச்சரிக்கை எதுவும் இல்லை. இருப்பதை இருந்தபடி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"சரிப்பா. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அறுபது வருடமாக எதையும் பத்து மடங்காகப் பெருக்கிச் சொல்லியே வாழ்ந்தவன் நான். பதினான்கு பெரிதா சிறிதா என்று பாய் ஒரு மூச்சில் சொல்லியிருப்பார். திரும்பிப் பார்த்தேன், கேட்க ஆளில்லை.

"தெரியலம்மா" என்றேன். "பயமா இருக்கு."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. அந்தோணியாக இருக்கும்.

"சரிப்பா, நாளைக்குப் போகல" என்றாள். "நாளன்னிக்கும் படிச்சுச் சொல்லுங்க."

கனி பாயிடம் இருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான். மறுநாள் கடல் அமைதியாகவே இருந்ததாம். படகுக்காரர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போயிற்று; யாரும் குறை சொல்லவில்லை. இன்றைக்குச் சாயங்காலமும் அறிக்கை வரும்.