வேஸ்ட் குடோனில் பிறந்த பிள்ளை

பனியன் கம்பெனியில் எனக்கு வேஸ்ட் பிரிக்கிற வேலை. கட்டிங் மேசையில் விழுகிற துண்டுகளை அள்ளிவந்து குடோனில் கொட்டுவார்கள். வெளுத்தது ஒரு பக்கம், வெளுக்காத கோரா ஒரு பக்கம். அதைப் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இந்த வேலைக்கு அது போதும்.

என்னோடு இன்னொருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் சாயப்பட்டறையில் இருந்தான். மாசம் நிறைந்த வயிற்றோடு வந்துகொண்டிருந்தாள். லீவு கேட்டாள். சரக்கு போகட்டும், பார்க்கலாம் என்றார் மேஸ்திரி.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கோரா மூட்டைமேல் சாய்ந்தபடி எழுந்திருக்கவில்லை.

"யக்கா, வலிக்கி."

"வண்டி கூப்பிடட்டுமா?"

"வண்டிக்கு முந்தி இது வந்திரும்."

நான் இரண்டு பெற்றவள். நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓடினேன். கொதிக்கிற தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். பையன் பிறந்தான். உடனே அழுதான். கைக்கு எட்டிய வெள்ளைத் துணியை இழுத்துச் சுற்றினேன். வேஸ்ட் என்றுதான் நினைத்தேன். அது வெளுப்புப் பட்டறையிலிருந்து அன்றைக்கு வந்த துணி. கட்டிங் பக்கம் இடமில்லை என்று எங்கள் குடோனில் வைத்திருந்தார்கள். அவசரத்தில் எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி வந்தார். "ரெண்டு பேரும் சொகந்தானுங்களா?" என்று கேட்டார். அப்புறம்தான் துணியைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, வேஸ்ட் மலையாட்டம் கெடக்குது. முதல் தரத்துலயா கொண்டுபோய்ச் சுத்துவீங்க?"

"கைக்கு வந்ததுங்ணா."

"உங்க கைக்கு ருசி தெரிஞ்சிருக்குது."

அந்தத் துணிக்கு எடை போட்டுக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார்.

அவள் புருஷன் பிரசவ லீவுச் சம்பளம் கேட்டுப் போனான். அவள் எங்கள் ஆளே இல்லை என்றது கம்பெனி. நிழலுக்கு ஒதுங்கினவள், ரோட்டில் பெற்றாள் என்றார்கள். பெண்களில் பாதிப் பேருக்கு ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது. எனக்கும் கிடையாது. அவன் லேபர் ஆபீஸில் மனுக் கொடுத்தான். விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவார் என்று தகவல் வந்தது.

மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ரோட்டுலதான் பொறந்துச்சுன்னு சொல்லீருங்க. மொதலாளி சொல்லச் சொன்னாரு. நீங்க பாத்தது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்களே."

"வேதக்காரங்களோட இதே வம்பு." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "வேலை வேணுமா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்கங்க."

வேலை வேண்டும். எனக்குப் புருஷன் இல்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னது. உண்மையைச் சொன்னால் என் சோறு போகும். சொல்லாவிட்டால் அவள் சோறு போகும். இதை வைத்துக்கொண்டுதான் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போனேன்.

வேலம்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கட்டடம் எங்கள் கோயில். சோளத்தட்டில் குடில் கட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் பார்ப்பதுதான். அழகாக இருக்கும். அந்த வருஷம் எனக்கு அழகாகத் தெரியவில்லை. மாட்டுக் கொட்டகையில் பெற்றவளுக்கு எப்படி வலித்திருக்கும், கத்தரிக்கு யார் ஓடினார்கள் என்றே நினைப்பு ஓடியது.

உபதேசியார் பேசினார். ஆடு மேய்க்கிறவர்கள் கொட்டகைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தார்கள், பார்த்ததை ஊரில் சொன்னார்கள் என்றார். அந்தப் பிள்ளை வளர்ந்து தேசாதிபதி முன்னால் கைதியாக நின்றபோது, சத்தியத்துக்குச் சாட்சி சொல்லத்தான் பிறந்தேன் என்றாராம். அதுவரை பிறந்தது ஒரு கதை, கோர்ட்டில் நின்றது வேறு கதை என்று வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சாட்சி என்றால் பெரியவர்கள் சமாச்சாரம் என்றும் நினைத்திருந்தேன். ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்களே.

பொங்கலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். குடோனிலேயே நின்று கேட்டார்.

"பிள்ளை எங்கம்மா பிறந்தது?"

"இங்கதானுங்க. நானிருந்தேன்."

 மேஸ்திரி பக்கம் நான் திரும்பவில்லை.

"இல்லீங் சார், ரோட்டுலதானுங்க," என்றார் மேஸ்திரி. "இந்தம்மா மாத்திச் சொல்லுது."

"வேற யார் பார்த்தாங்க?"

"பொறக்கையில நான் மட்டுந்தானுங்க."

இன்ஸ்பெக்டர் மூட்டைகளைப் பார்த்தார். எண்ணெய்க் கறை, தூசி.

"பச்சைப் பிள்ளையை இந்த வேஸ்ட்லயா சுத்தினீங்க?"

 மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

"வேஸ்ட்டுங்களா? முதல் தரமுங்க சார். கட்டிங்குக்கு இந்த மூலையில வெச்சிருந்தது. கொழந்தையோட அதப் பாத்ததும் எனக்கு வயிறெரிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். 

"எந்த மூலையில?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் இளகிச் சிரித்துவிட்டார்.

"இதா, இங்கதானுங்க."

"வேலை நேரத்துல அந்தம்மா இங்கே என்ன பண்ணுச்சு?"

"வேஸ்ட் பிரிச்சுதுங்க. ரெண்டு வருசமாப் பிரிக்குது."

அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போய்விட்டார்.  மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"என்னைய மாட்டி உட்டுட்டீங்களே அம்மணி."

"நான் துணியப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே."

"அதும் நெசந்தான்," என்றார். பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து, "எனக்குந்தான் இத்தன நாளாச் சோறு எறங்கல," என்றார்.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திட்டினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி வருவார் என்ற பயம் இருந்திருக்கும். அவளுக்கு லீவுச் சம்பளம் வந்தது. ரெஜிஸ்டரில் பெயர் ஏறியது. எங்கள் எல்லோர் பெயரும் ஏறியது.

மாசியோ பங்குனியோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். முருகனுக்கு வேண்டிக்கொண்டு அவனுக்கு முடி வளர்த்திருந்தார்கள். குடோன் உத்தரத்தில் தூளி கட்ட வேண்டும் என்றாள். மேஸ்திரி அவரே துணி கொண்டுவந்தார். வெளுத்த துணி. ஓரத்தில் சின்ன ஓட்டை.

"இது ரெண்டாந்தரமுங்க," என்றார் என்னைப் பார்த்து. "ஆராச்சும் கேட்டாச் சாட்சி சொல்லுங்க."