கொட்டத்தானே போறீங்க

என் பெயர் இருளாயி. அறந்தாங்கியில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற வேலை. தொட்டியோ வாளியோ, புழு நெளிந்தால் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன!

ஒரு நாள் பாசிலா என்ற பெண்ணின் வீட்டு மொட்டை மாடியில் வலை கட்டிய வாளி ஒன்று இருந்தது. வலையைத் தூக்கினேன். அடேயப்பா, ஊர்க் கொசுவெல்லாம் இங்கேதான் பிரசவத்துக்கு வந்ததோ என்னவோ! ஒரு வார்த்தை கேட்காமல் வெயில் தரையில் கவிழ்த்தேன்.

"ஐயோ அக்கா, அது எங் குஞ்சுகளுக்குச் சோறு!" என்று ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"புழு வளக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று கத்தினேன்.

கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கத்துத் தொட்டியைக் காட்டினாள். சண்டை மீன் குஞ்சுகள். பிறந்து இருபது நாள், நாற்பது உருப்படி. இது மூன்றாவது ஈடு. முதல் ஈட்டுக்கு, கைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் நாறி அத்தனையும் போயிற்று. அடுத்ததற்குக் கடையில் விற்கிற பொடி.

"அசையாதத இதுக சோறுன்னே மதிக்காதுக்கா. பொடி மெதக்குது, இதுக பட்டினி கெடந்தே செத்துச்சு."

இந்த முறை முதல் வாரம் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஊருமாம். வாய் கொஞ்சம் பெரிதானதும் பொடிப் புழு. அதைத்தான் நான் கொட்டியிருந்தேன்.

கத்தாரில் இருக்கிற புருஷன் அன்வர் பாட்சா, இதுவும் செத்தால் தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாராம். "நாலு வருசமா அவரு அங்கிட்டு, நான் இங்கிட்டு. நான் பொழைக்க வச்சதுன்னு ஒண்ணாவது வேணாமாக்கா?"

கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன். ஆனாலும் விடவில்லை. "இங்க புழு வளக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

அவள் அழவில்லை. யோசித்தாள். "சரி, வளக்கல. ஊரெல்லாம் நீங்க கொட்டத்தானே போறீங்க? அத எங்கிட்டக் கொட்டுங்க."

மறுநாளே என் பையில் ஒரு பாட்டில் ஏறிவிட்டது. புழுவை அதில் அள்ளிய பிறகுதான் தண்ணீருக்குக் கொசு மருந்து. பாசிலா டீ வடிகட்டியில் வடிப்பாள். கீழே இறங்குகிற பொடிசு குஞ்சுகளுக்கு, மேலே தங்குவது மற்றத் தொட்டிகளில் இருக்கிற பெரிய மீனுக்கு. பாட்டிலைப் பார்த்து முறைத்த சூப்பர்வைசரிடம், "சாம்பிள் சார்" என்றேன்.

பத்தாம் நாள் வந்தது சோதனை. வெயிலில் எல்லாம் காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வீடு 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வீடு. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்த இரண்டு வார்த்தைக்கு நான் பயந்தது அன்றுதான். நேற்றே குஞ்சுகள் அரை வயிறு.

கால் கடுக்க நடந்து, ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயரைச் சாய்த்தேன். நெளிந்தது! "வாங்கடா என் தங்கங்களா" என்றேன். ஷெட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாடிக்குப் போனபோது பாசிலா புருஷனோடு வீடியோ காலில் இருந்தாள். வடிகட்டி ஊற்றியதும் குஞ்சுகள் பாய்ந்து கவ்வின. போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

"எண்ணிப் பாருங்க மச்சான். முப்பத்தெட்டு. தொட்டிய யாருக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

அன்வர் பாட்சா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"யாருக்கும் குடுக்காத புள்ள. நான் வந்து பாக்குறேன்."