அத்திப்பள்ளி தாண்டும்வரை பேசாதே

இன்று காலை எங்கள் தெருமுனையில் யாரோ குப்பையோடு பழைய டயரையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக முந்தானையைத் தேடியது, வாயைப் பொத்திக்கொள்ள. நைட்டியில் முந்தானைக்கு எங்கே போவது? பக்கத்து மாடிப் பெண் நான் புகைக்குப் பயந்துவிட்டதாக நினைத்திருப்பாள். ஓசூரில் சிப்காட் பக்கம் குடியிருந்துகொண்டு புகைக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

டயர் வாசனை வந்தால் அதன் பின்னாலேயே எனக்கு ஆவக்காய் ஊறுகாய் வாசனையும் வந்துவிடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது என் மகளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. என் வீட்டுக்காரர் இங்கே சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், அதே லேத்தை ஓட்ட மஸ்கட் போயிருந்தார். குழந்தையைத் தொட்டிலில் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. அவளுக்கு அப்பா என்றால் என் போன்தான். மணி அடித்தால், "அப்பா கத்துது, அப்பா கத்துது" என்று எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் விசா கிடைத்தது. அந்த விசாவில் அங்கே நுழையக் கடைசி நாளன்றுதான் எங்களுக்கு டிக்கெட். அன்று விமானத்தை விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இத்தனை தெரிந்தும் நாங்கள் கிளம்பிய லட்சணத்தைப் பாருங்கள். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெங்களூரா, தோ இருக்குது, கைக்கெட்டற தூரம் என்போம். ஊர் பக்கம்தான், ஏர்போர்ட் அந்த ஊரின் மறுகோடியில் இருப்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. மத்தூரிலிருந்து வழியனுப்ப வந்த அம்மா, "ராவு காலம் போவட்டும்" என்று உட்கார வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் இன்னொரு பாட்டில் ஆவக்காயை என் பெட்டிக்குள் திணித்தாள். ராகு காலம் போனது. கூடவே தண்ணீர்ப் பிரச்சினையில் கர்நாடக எல்லையில் மறியல் என்று தகவல் வந்தது.

அண்ணன் தன் குட்டியானை வண்டியில் எங்களை ஏற்றி ஜூஜூவாடிவரை கொண்டுவந்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டு வண்டி ஒன்றும் போகவில்லை. பஸ்கள் எல்லாம் காலியாகித் திரும்பிக்கொண்டிருந்தன. ஜனங்கள் பெட்டி, மூட்டை, குழந்தையோடு எல்லையை நடந்தே தாண்டினார்கள். அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கர்நாடக பஸ் கிடைக்கும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எனக்குத்தான் பயம்.

"வண்டிய ஓரங்கட்டிட்டு நானும் வர்றேன். எவன் தடுக்கறான்னு பாத்துடறேன்" என்றான் அண்ணன்.

"சாமி, நீ வந்தா அங்க சண்டைதான் நடக்கும். வூட்டுக்குப் போண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். என் பெண்ணின் வாய் அதைவிட மோசம். பார்த்ததையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி தமிழில் சொல்லுவாள். ரோட்டோரம் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "கண்ணு, நம்ம ஒரு வெளையாட்டு வெளையாடலாம். அம்மா சொல்றவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அப்பாகிட்ட போக முடியாது." என் கண்ணைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கும், இது விளையாட்டில்லை என்று. இரண்டு உள்ளங்கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. செக்போஸ்ட்டைத் தாண்டியதும் நடுரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கொடி பிடித்த பையன்கள் கூட்டமாக நின்று கோஷம் போட்டார்கள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பெட்டி என்று ஓரமாக ஒதுங்கி நடந்தேன். அப்போதுதான் ஆவக்காய் வாசனை வந்தது. பாட்டில் கசிந்து பெட்டியின் மூலையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் இந்த ஊறுகாய் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பக்கமும் ஊறுகாய் தின்கிற மனிதர்கள்தானே என்று நினைக்கிற நிலையிலா இருந்தேன்!

ஒருவன் குறுக்கே வந்து நின்றான். இருபது வயது இருக்கும். "எல்லிந்தா?" என்றான். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறான். எனக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் கன்னடம்தான். வழியெல்லாம் பதிலைக்கூட மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. அவன் குனிந்து குழந்தையைப் பார்த்து, "ஹெசரேனு புட்டி?" என்று செல்லமாகப் பெயர் கேட்டான். அவள் கையை எடுக்காமல் தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "பாப... மாத்து பரல்லா!" என்றான். பாவம், பேச வராதாம்! எங்கள் இருவரையும் ஊமை என்று முடிவு கட்டிவிட்டான். சட்டென்று என் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிவிட்டு முன்னால் நடந்தான். ஊறுகாய் எண்ணெய் அவன் சட்டையில் வழிந்தது. பஸ் ஏற்றி, கண்டக்டரிடமும் பேச வராதவர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினான். நான் கை கூப்பினேன். ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. சொல்லியிருந்தால் அவனே என்ன செய்திருப்பானோ, அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் ஊமையாகவே பயணம். இப்போது வாயைத் திறந்தால் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேனே! டிக்கெட்டைக் காட்டி, கையை இறக்கைபோல விரித்து ஏர்போர்ட் என்று புரியவைத்தேன். சில்க் போர்டு ஸ்டாப்பில் அந்தக் கண்டக்டர் தானே இறங்கிவந்து ஏர்போர்ட் பஸ்ஸைக் கைகாட்டிவிட்டுப் போனார். அந்த பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனது. போச்சு, எல்லாம் போச்சு என்றே உட்கார்ந்திருந்தேன். மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றபோது கவுண்டரில் எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. விமானம் மேலே ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. குழந்தை அப்படியே என் மடியில் தூங்கிவிட்டாள்.

மஸ்கட்டில் அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்டி போட்டுக் கையை நீட்டினார். "பாப்பா, அப்பா சொல்லு. அப்பா சொல்லுடா." போனில் ஆயிரம் தடவை அப்பா அப்பா என்று கத்தினவள், இரண்டு உள்ளங்கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டாள். அவர் முகம் வெளுத்துப்போனது. "இன்னாச்சு இவளுக்கு? ஏன் பேச மாட்டேங்கறா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசலாம் என்று நான் சொல்லவே இல்லை.

"பேசு கண்ணு. இப்பப் பேசலாம்" என்றேன். அவள் கையை மெல்ல எடுத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, என் காதோரம் கேட்டாள்: "அவங்கல்லாம் போயிட்டாங்களாம்மா?"

நாங்கள் ஊர் திரும்பிச் சில வருஷங்கள் ஆகின்றன. எல்லையில் அந்த லாரி வரிசை இப்போது இல்லை. பெட்டி சுமந்தவன் முகம் மறந்துவிட்டது. எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. என் பெண் வளர்ந்துவிட்டாள். அத்திப்பள்ளியில் அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள், கன்னடம் தண்ணீர் பட்டபாடு. அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "அப்படியா நடந்துது?" என்று சிரிக்கிறாள். அவளிடமிருந்து எல்லாம் போய்விட்டது. நல்லதுதான்.

போன வாரம் இருவரும் பெங்களூர் பஸ்ஸில் போனோம். ஜூஜூவாடி தாண்டியதும் வழக்கம்போல என் குரல் இறங்கிவிட்டது. அவள் தன் காதிலிருந்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு என்னை முறைத்தாள்.

"ஏம்மா குசுகுசுன்னு பேசற? சத்தமாத்தான் பேசேன்."