ஒரு மூடி டீசல்

என் நைனாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அந்த முசாயிதா விஷயத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

முசாயிதா என்றால் எங்கள் பக்கத்து ஆபீஸ் தெலுங்கில் வரைவுச் சட்டம். நிலத்தில் டீசல் ட்ரம் வைத்திருப்பவர்கள் அதைக் கிணற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ட்ரம் ஓட்டையானால் அத்தனை எண்ணெயும் உள்ளேயே தேங்கி நிற்கும்படி சுற்றிலும் கரை போட வேண்டும். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று புத்தலப்பட்டு மண்டல் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் அப்போது திருப்பதியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் நைனா பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் தெலுங்கு எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

"வயலுக்கு வரப்பு போடுவான். ட்ரம்முக்கு எவனாச்சும் வரப்பு போடுவானா? எழுது பாப்பா, அர்ஜி எழுது."

எழுதினேன். முதல் பெயர் அவருடையது. அதற்குக் கீழே எங்கள் தெருக்காரர்கள், பிறகு பெரிய ஊர் விவசாயிகள். எங்கள் பெயர்களும் அவர்கள் பெயர்களும் ஒரே காகிதத்தில் வந்ததே நைனாவுக்குப் பாதி வெற்றி.

அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. எங்கள் வம்சத்தில் நிலம் என்று ஒன்று வந்ததே அவர் காலத்தில்தான். அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பிய பிறகு கிணறு வெட்டினோம், ஆயில் இன்ஜின் வைத்தோம். கரண்ட் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாத காலம் அது. டீசல் ட்ரம் கிணற்று மேட்டிலேயே, இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் தக்காளி விளைந்தது. எங்கள் தெரு முழுக்க அதைத்தான் குடித்தது.

அர்ஜி ஆபீசுக்குப் போகும் முன்பே சேதி எட்டி, அடுத்த ஞாயிறு மண்டல் அதிகாரி நேரிலேயே வந்தார். கிணற்று மேட்டில் கூட்டம். அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் எண்ணெய் போதும், தண்ணீர் வீணாகிவிடும் என்றார். நைனா சிரித்தார். ட்ரம்மிலிருந்து டீசல் இறக்கி வைத்திருந்த கேனைத் திறந்து, அதன் மூடி நிறைய ஊற்றினார்.

"இத்தினியூண்டு டீசலு, சார். இம்மாம் பெரிய கெணத்த இன்னா பண்ணிடும்? நீங்களே பாருங்க, இருக்கற எடம் தெரியாம பூடும்."

அம்மா அப்போதுதான் குடத்தோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். "யோவ், வாணாம்யா," என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நைனா அதைக் கிணற்றில் கவிழ்த்துவிட்டார்.

கிணறு முப்பதடிக்கு முப்பதடி. விழுந்த இடத்தில் முதலில் ஒரு தட்டு அகலம்தான் இருந்தது. பிறகு அது திறந்துகொண்டது. யாரும் தள்ளவில்லை, காற்றும் இல்லை, தானாகவே போனது. கிணற்றில் உதிர்ந்து மிதந்த வேப்பம்பூக்களெல்லாம், தேர் வரும்போது ஜனம் ஒதுங்குகிற மாதிரி, சுவரோரம் ஒதுங்கின. ஊதா, பச்சை, செம்பு நிறம், கடைசியில் வெள்ளிப் பளபளப்பு. சின்னச் சின்ன அலைகள்கூட அடங்கிவிட்டன. நாலு சுவரையும் தொட்ட பிறகுதான் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், கிணறு கெட்டுப்போகிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு மூடிக்குள் இவ்வளவு அகலம் எங்கே இருந்தது? அதிகாரியுமே அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு வாடை மேலே வந்தது.

அம்மா கடைசிப் படியில் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். "இத்தத்தான் தெருவே குடிக்கணுமா?" என்று கேட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நைனா கையிலிருந்த மூடியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ட்ரம்மைப் பார்த்தார். அதன் அடியில் மண் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். தினமும் சொட்டுவதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த நைனா அப்படித்தான்.

பெரிய ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் நிற்க, அவர் அதிகாரியிடம் சொன்னார்:

"எங்க தாத்தா காலத்துல ஊர்க் கெணத்தாண்ட எங்கள உடமாட்டாங்க, சார். எங்க கை பட்டா தண்ணி கெட்டுப்பூடும்னு சொல்லிக்கினு இருந்தாங்க. ஒரு நாளும் எங்களால எந்தத் தண்ணியும் கெடல. இன்னிக்கு எங்க கெணத்த நானே கெடுத்துட்டேன்."

கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அதைத் தெலுங்கில் சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி, புரிந்தது என்று தலையசைத்தார்.

"என் பேர அடிச்சிடு, பாப்பா."

நான் எழுதிய முதல் பெயரை நானே அடித்தேன். மற்ற பெயர்களோடு அர்ஜி போனது. அந்தச் சட்டம் வந்ததாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை. எண்ணெயை ஒற்றியெடுக்க நைனா வைக்கோலை அள்ளிக்கொண்டு படியிறங்கினார். அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்க பெரிய ஊர்ப் பக்கம் நடந்தாள்.