இடிக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன்

பழைய கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதானாலும் எங்களைக் கேட்டுவிட்டு அடியுங்கள் என்று ஊராரிடம் போய்ச் சொல்லி, அவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதுதான் என் தொழில். மலாக்கா நகராட்சி கமிஷனில் கட்டட இன்ஸ்பெக்டர். கமிஷனர்கள் மாதம் ஒருமுறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தப் பழைய கட்டடத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வார்கள். அந்த முடிவை வெயிலில் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். மேலிடத்தின் 'முடியாது'வை வாசல் வாசலாகச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவர் யாராக இருந்தாலும் என் இனம்தான். நீங்களும் அப்படி ஒருவராக இருந்தால் இதெல்லாம் புரியும்.

ஜன்னலுக்கு வந்த சோதனை

நான் வேலைக்குச் சேர்ந்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில். எங்கே திரும்பினாலும் போலீஸ் சோதனை; காட்டுக்குப் போய்விடக்கூடாதென்று வீட்டு அரிசிக்கும் அளவு. கமிஷன் எனக்குக் கொடுத்ததோ காக்கி உடுப்பு. முதல் வாரம் ஒரு துணிக்கடைக்குப் போய், "இன்ஸ்பெக்டர் வந்திருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். முதலாளி வேலாயுதம் அண்ணாச்சி வீட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அத்தனை பேருடைய அடையாள கார்டையும் மேசைமேல் பரப்பிவிட்டார். அவர் மனைவி அரிசி டின்னைத் திறந்து, "அளந்து பாத்துக்குங்க" என்றார்.

மாடியில் இருக்கும் செதுக்கு வேலை ஜன்னலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட மனு கொடுத்தீர்களே, அதைப் பார்க்கத்தான் வந்தேன், அது கமிஷன் பட்டியலில் இருக்கிறது, கழற்ற முடியாது என்று மெல்லச் சொன்னேன். அண்ணாச்சி மாடியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "மனுசனுக்குத்தான் கார்டுன்னு நெனச்சேன் தம்பி, இப்ப ஜன்னலுக்கும் எடுத்துட்டீங்களா?"

மெர்லிமாவ் ஓடுகள்

பட்டியலில் இருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கூரை மழைக்குச் சரிந்துவிட்டது. அந்த மாதிரி ஓடு அப்போது எந்தக் கடையிலும் இல்லை. தகரம் போட்டு மூடிவிடலாம் என்றார் ஒரு கமிஷனர். ஒரு மாதம் தவணை கேட்டு, ஊர் ஊராக அலைந்தேன். மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்குக் காட்டிலிருந்து வந்தவர்கள் தீ வைத்திருந்தார்கள். பாதி எரிந்து, பாதி நின்றது. நின்ற பாதியில் அதே ஓடு! தோட்டத்துத் துரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

காட்டிலிருப்பவர்களோடு தொடர்பு கூடாதென்று கம்பிவேலிக்குள் குடிவைக்கப்பட்டிருந்த ரப்பர் பால்மரத் தொழிலாளர்கள்தான் கூரையில் ஏறி இறக்கிக் கொடுத்தார்கள். தாயம்மா என்ற பெண் ஒவ்வோர் ஓட்டையும் துடைத்து, வைக்கோல் வைத்து லாரியில் அடுக்கினார். இறக்குவதற்கும் தானே வருவேன் என்று துரையிடம் அனுமதி வாங்கி ஏறிக்கொண்டார். வழியில் சோதனைச் சாவடியில், வைக்கோலுக்குள் அரிசி கடத்துகிறோமோ என்று சந்தேகப்பட்டு மொத்தத்தையும் இறக்கச் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாயம்மா அசரவில்லை. ஒன்றொன்றாக இறக்கினார், ஒன்றொன்றாக ஏற்றினார், போலீஸ்காரர்களைக் கிட்டே விடவில்லை. மலாக்கா வந்து பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை. நன்றி சொன்னேன். "டவுன்ல நான் கை வச்ச சாமான் ஒன்னு இருக்குன்னு எம் மவகிட்ட சொல்ல வேணாமாய்யா, ஒடச்சா கொண்டாருவேன்?"

கல்வாசல்

ஒரு தெருமுனையில் இரண்டு தூண்களோடு பழைய கல்வாசல் ஒன்று இருந்தது. பட்டாள லாரி அதற்குள் திரும்ப முடியவில்லை, ஒரு தூணை எடுத்துவிடுங்கள் என்று கடிதம் வந்தது. அவசரகாலத்தில் பட்டாளத்துக்கு யார் மறுப்புச் சொல்வது? கமிஷன் என்னிடம் அறிக்கை கேட்டது. மூன்று தரம் அளந்தேன். இடைஞ்சல் தூண் இல்லை, எதிரே நின்ற விளக்குக் கம்பம்தான். அதைத் தள்ளி நட்டால் லாரி நேராக நுழையும் என்று எழுதினேன். கம்பத்தை நகர்த்தினார்கள். பட்டாள அதிகாரி சிரித்தார். "இருக்கிறதிலேயே பெரிய லாரியைக் கொண்டு வருகிறேன், உங்கள் ஆளே ஓட்டட்டும்" என்றார்.

எங்கள் ஆள் அந்தோணி, பாயா ரும்புட் ஊர்க்காரர், கமிஷன் லாரி டிரைவர். கமிஷனர்கள் குடையோடு வந்து நின்றார்கள். தூணில் ஒரு கீறல் விழுந்தாலும் வாசலும் போகும், என் வேலையும் போகும். அந்தோணி பக்கத்துக் கண்ணாடிகளை மடக்கினார், சிலுவை போட்டுக்கொண்டார், ஆமை மாதிரி நகர்த்தினார். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம்கூட இல்லை. லாரி வெளியே வந்ததும் அதிகாரி இரண்டு தூணையும் தடவிப் பார்த்துவிட்டு, கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓடிப்போய் அந்தோணியைக் கட்டிக்கொண்டேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "தூணுல ஒன்னும் இடிக்கல சார், என் நெஞ்சுதான் இடிச்சிகிட்டே இருக்குலா!"

நம்ம பையன்

எங்கள் கோவிலின் மரத்தூண் மண்டபத்தை இடித்துவிட்டு சிமெண்டில் கட்ட வேண்டும் என்று தலைவர் ராமசாமி மாமா மனுவோடு வந்தார். எனக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவரே அவர்தான். கையெழுத்து போட்டுவிடுவேன் என்று நம்பித்தான் வந்தார். மண்டபத்தைப் பார்த்தேன். இரண்டே தூண்களில்தான் அடிப்பக்கம் கரையான். பழுது பார்த்தால் போதும் என்று எழுதினேன். கமிஷனும் அதையே சொல்லிவிட்டது. அதோடு மாமா பேச்சை நிறுத்தினார். என் மனைவி கும்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் ஒரு வருஷம் எனக்குச் சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

பழுது பார்த்து முடித்துக் கும்பாபிஷேகம் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த விருந்தாளிகள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, மண்டபத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். நான் கூட்டத்தில் பின்னால் ஒதுங்கியிருந்தேன். மாமா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினார். "இவன் நம்ம பையன், என்னையே எதுத்து நின்னுதான் இத காப்பாத்தினான், நல்லா பாத்துக்குங்க!"

மற்றவர்கள் தாங்கள் கட்டியதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இடிந்து விழாமல் நிற்பதையெல்லாம் காட்டி நான் பெருமைப்பட்டதில், என் வீட்டுச் சமையலறை ஒழுகுவதைப் பார்க்கத்தான் இன்றுவரை நேரம் வாய்க்கவில்லை.