ஆஸ்பத்திரிக் காட்சியில் என் நடிப்பு

என் மகனும் அவனுடைய கல்லூரி நண்பனும் சினிமா விமர்சன பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். ஒரு படம் ஓடும் நேரத்தைவிட அதைப் பற்றி இவர்கள் பேசும் நேரம் அதிகம். ஒலிப்பதிவு அம்பத்தூரில் எங்கள் வீட்டு உள்ளறையில்தான். ஃபேன் ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, நான் இருமக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, வியர்த்து வழிய, 'உடல்', 'வெளி', 'அதிகாரம்' என்று பேசுவார்கள். படத்தில் ஒருவன் தண்ணீர் குடித்தால்கூட அதற்கு அரசியல் உண்டு. அவனுக்குத் தாகமாக இருந்திருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில், செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்குக்குப் போன லாரி ஒன்று ஒதுக்கியதில் மகன் பைக்கோடு விழுந்தான். போன் செய்தவர் "தலையில அடி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் வந்து, தலைக்கு ஒன்றுமில்லை, தோள்பட்டை எலும்புதான் உடைந்திருக்கிறது என்றார். அதற்கு முன் நான் என்ன செய்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

மகனுக்கு நினைவிருந்தது. எலும்பு கூடியதும் முதல் வேலையாக மைக் முன் உட்கார்ந்தான். தலைப்பு: தமிழ் சினிமாவில் ஆஸ்பத்திரி. வேலைக்குப் போகும் ரயிலில் அதைக் கேட்டேன்.

"கதவு திறந்திருந்துச்சு மச்சான். ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினே பாக்கறேன். அப்பா டாக்டரோட ரெண்டு கையையும் புடிச்சிட்டாரு. 'எவ்ளோ செலவானாலும் பரவால்ல டாக்டர், எனக்கு என் புள்ள வேணும்'னாரு."

"இன்னா மாமே, இன்சூரன்ஸ் கீதுன்னு தெரிஞ்சே சொன்னாரா?"

"அப்புறம் செவுத்துல சாஞ்சு அப்படியே கீழ சரிஞ்சாரு."

"சரிஞ்சாரா! கேமரா எங்கடா வெச்சிருந்தீங்க?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு மகன் தன் பேராசிரியர் குரலை எடுத்தான். "நம்ம அப்பாங்களுக்குச் சொந்தமா அழத் தெரியாது. சினிமா கத்துக்குடுத்தத திருப்பி நடிக்கிறாங்க, அவ்ளோதான்."

முழங்கால் விட்டுப்போன மனிதன் கீழே சரியாமல் மேலேயா போவான்? ரயிலில் யாரிடம் கேட்பது? பாட்காஸ்டைக் கேட்டவர்களில் ஒருவர் அதன் கீழே 'அப்பா கேரக்டர் செம' என்று எழுதியிருந்தார்.

அடுத்த ஒலிப்பதிவு ஆவடியில், நண்பன் வீட்டில். விழுந்த பிறகு மகன் பைக்கை எடுத்தது அன்றுதான். வாசலில் நின்றேன். 'பார்த்துப் போப்பா' என்பது வாய்வரை வந்தது. எத்தனை படங்களில் எத்தனை அப்பாக்கள் சொன்னது! விழுங்கிவிட்டேன். தோளைத் தொடலாம் என்றால் அதுவும் பார்த்த காட்சி. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். 

ஸ்டார்ட் செய்த வண்டியை அணைத்தான்.

"இன்னாப்பா, ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"ஏன்?"

"ஓவர் ஆக்டிங் ஆயிடும்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது சும்மா ஷோவுக்குப்பா. எப்பவும் சொல்றத சொல்லேன்."

"நீயே வசனம் எழுதிக் குடு. படிக்கிறேன்."

ஹெல்மெட் பட்டையைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். திரைமொழியைக் கரைத்துக் குடித்தவனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. கடைசியில், "பாத்துப் போறேன்பா" என்று அவனே சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நான் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன்.

"ஏங்க, உக்காருங்களேன். படத்துல வர்ற அப்பா மாதிரி நடந்துக்கிட்டு" என்றாள் மனைவி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.