இங்வில் கண்ட பிழை

சுன்னிவா சிரிக்கும் சத்தம் கேட்டாலே இங்விலுக்கு வயிறு எரியும். ஃப்ரோயா தீவிலிருந்து படிக்க வந்தவள் இங்வில். அப்பா சால்மன் மீன் பண்ணையில் வேலை செய்தார். ட்ரோன்ட்ஹெய்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் முதுகலை வகுப்பில் முதல் ஆண்டு முழுக்க அவள்தான் முதலிடம். இரண்டாம் ஆண்டில் சுன்னிவா வந்து சேர்ந்தாள். ஒரே மாதத்தில் பேராசிரியர் தோர்கெயர் முதல் உணவகத்துப் பெண்மணிவரை எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான்.

அந்த வருடம் நகராட்சிக்காக ஒரு வேலை வந்தது. குளிர்காலத்தில் பனி உறைந்த நடைபாதைகளில் வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். வழுக்காமலிருக்க மணல் தூவும் வண்டிகளோ கொஞ்சம்தான். எந்தப் பாதைக்கு வண்டியை முதலில் அனுப்புவது என்று ஆம்புலன்ஸ் பதிவுகளையும் வானிலையையும் வைத்துச் சொல்ல வேண்டும். இங்வில் ஒரு வழியில் முயன்றாள், சுன்னிவா இன்னொரு வழியில். சிறந்ததை நகராட்சி எடுத்துக்கொள்ளும்.

பழைய பதிவுகளில் சோதித்தபோது சுன்னிவாவின் கணக்கு ஏறக்குறைய ஒவ்வொரு விபத்தையும் சரியாகச் சொன்னது. இங்விலுடையது பாதியைக்கூடத் தொடவில்லை.

"அடேயப்பா! இதை எப்படிம்மா செஞ்ச?" என்றார் தோர்கெயர்.

இங்விலும் கைதட்டினாள். உள்ளங்கை வலிக்கிற அளவுக்குத் தட்டினாள்.

மறுநாள் சுன்னிவாவின் கணினி நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். கற்றுக்கொள்வதற்காக என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நடுவில் ஓரிடத்தில் கண் நின்றது. எந்தப் பாதையில் எவ்வளவு மணல் தூவினார்கள் என்ற விவரத்தையும் சுன்னிவா சேர்த்திருந்தாள். ஆனால் யாராவது விழுந்த பிறகுதானே வண்டி ஓடிப்போய் அங்கே மணல் கொட்டும்? விபத்துக்குப் பிந்தைய தகவலை வைத்து விபத்தைக் கணித்திருக்கிறாள்! இங்வில் கடைக்குப் போய் இலவங்கப்பட்டை பன் ஒன்று வாங்கி, நின்றபடியே தின்றாள். அவ்வளவு ருசியான பன்னை அவள் தின்றதே இல்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நகராட்சி ஆட்கள் முடிவெடுக்க வந்து உட்காரும் நாளுக்காகக் காத்திருந்தாள். இடையில் அவளுக்குச் சளி பிடித்தபோது சுன்னிவா மீன் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்த பிறகும் இங்வில் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. சாலைப் பிரிவின் தலைவர் ஒட்வார் முன்வரிசையில் இருந்தார். சுன்னிவா பேசி முடித்ததும் இங்வில் கை தூக்கினாள்.

"ஒரு சின்ன சந்தேகம். ஆள் விழுந்தப்புறம்தானே மணல் வண்டி அங்க போகுது? அப்போ உன் கணக்கு முன்கூட்டிச் சொல்லல, நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லுது. இல்லையா?"

சுன்னிவாவின் கழுத்து சிவந்தது. திரையில் அந்த வரிக்குப் போய்ப் படித்தாள்.

"இவ சொல்றது சரி," என்றாள். "நல்லவேளை, இதை நம்பி வண்டி அனுப்பல. இங்விலோட கணக்கை எடுத்துக்குங்க. அவ கூட நானும் வேலை செய்யறேன்."

ஒட்வார் எழுந்து வந்து கை குலுக்கினார், சுன்னிவாவின் கையை. "தப்பை இப்படி நேரடியா ஒத்துக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்!"

ஜெயித்தவள் இங்வில். பாராட்டு அந்தப் பக்கம் போனது. அவளுக்கு முன்பைவிட அதிகமாக எரிந்தது.

வராந்தாவில் சுன்னிவா வழி மறித்தாள். "நீ என் ஃபைலைத் திறந்தது எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எல்லார் முன்னாடியும் நீ அசிங்கப்படணும்னு நினைச்சேன்," என்றாள் இங்வில். பொய் சொல்ல வரவில்லை.

"சூப்பைக் குடிக்கும்போதும் அதைத்தான் நினைச்சியா?"

இங்வில் ஆமென்று தலையசைத்தாள்.

"சரி. நாளைக்கு உன்னோட கணக்கை எடுத்துட்டு வா. வேலை கிடக்கு."

சேர்ந்து வேலை செய்தார்கள். சுன்னிவா அதன்பின் அவளுக்குக் காபிகூட எடுத்து வந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் இடுப்பு உடைந்து வந்தவர்கள் குறைந்தார்கள் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தபோது, இருவரும் எதிரெதிர் நாற்காலிகளில் இருந்தார்கள். ஒருத்தி முகத்தை மற்றவள் பார்க்கவில்லை.

இங்வில் இப்போது அதே நகராட்சியில் வேலை பார்க்கிறாள். சுன்னிவா பெர்கன் நகரில். அவள் செய்த ஏதாவது வேலை பத்திரிகையில் வந்தால் இங்வில் ஒரு வரி விடாமல் படிப்பாள். படித்து முடித்ததும், எங்காவது பிழை இருக்காதா என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.